சூளைக்கு முன்

கோபால்ட் மை
அச்சிடும்போது கறுப்பாகத்தான் இருக்கும்.
வெந்தபிறகுதான் நீலம்.
புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பயந்துபோவார்கள்,
"அக்கா, கலர் மாறிப்போச்சு" என்று.
இன்னும் மாறவில்லை, போய் டீ குடி என்பேன்.

ராணிப்பேட்டையில் காரைக்குப் போகிற ரோட்டில்
தோல் ஷெட்டுக்கும் லாரிக்கு பாடி கட்டுகிறவருக்கும் நடுவே
எங்கள் தகரக் கொட்டகை.
மே மாதத்தில் சூளைக்கு வெளியேயும் வேகலாம்.

சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி,
அதன்மேல் மை, ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு.
கீழே மெல்லிய தாளில் பூங்கொடி விழும்.
தாளை நனைத்து, கோப்பையின் வயிற்றில் கவிழ்த்து,
ஸ்பாஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்கு
ஒற்றி ஒற்றிக் காற்றை விரட்டவேண்டும்.
ஒரு குமிழ் நின்றாலும்
கொடி அந்த இடத்தில் அறுந்துவிடும்.
தாளை உரிக்கும்போது மூச்சு விடக்கூடாது.
நான் விடமாட்டேன்.
பர்வீன் விடுவாள், பாடவும் செய்வாள்,
அவளுக்கும் நன்றாகத்தான் வருகிறது.

தாளில் எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி நிற்கும்.
பதினாறு வருஷமாய் அப்படியே படித்துப் படித்து
பஸ் போர்டைக்கூட ஒரு நொடி
மனதில் திருப்பிப்போட்டுத்தான் ஏறுகிறேன்.
திருப்பினாலும் திரும்பாத எழுத்து ப.
அதனால் அந்தப் பெண்ணின் பெயர்
சட்டென்று பிடித்துப்போனது.
பபிதா.
மேல்விலங்கு மட்டும் பக்கம் மாறும்.
அடுத்து கோகுல்நாத்.
அவன் பெயரில் எல்லாமே திரும்பும்.
முந்நூறு கோப்பை, ஆற்காட்டில் கல்யாணம்,
தாம்பூலப் பையில் போட.

நூற்று எண்பது சூளையில் ஏறிவிட்டது.
நூற்று இருபது பலகையில் காய்ந்துகொண்டிருந்தபோது
முதலாளி மகன் வந்து ஃபேனை நிறுத்தினான்.
கெட்ட சேதி என்றால் அவனுக்குச் சத்தம் ஆகாது.
"கல்யாணம் நின்னுடுச்சாம்."

யார் நிறுத்தியது என்றாள் பர்வீன்.
அட்வான்ஸைத் திரும்பக் கேட்டார்களா என்றான்
லோடு ஏற்றும் சின்னப்பன்.
சூளை ஒன்றும் கேட்கவில்லை.
மீட்டர் ஆயிரத்து நாற்பது காட்டியது,
ஏறிக்கொண்டிருந்தது.

வேகாத பெயரைத் துடைத்துவிடலாம்.
ஈர ஸ்பாஞ்சு, இரண்டு சுற்று.
கொடியை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடு என்றான்,
கோப்பை வீணாகக்கூடாது.
முதலில் கோகுல்நாத்தைத் துடைத்தேன்.
வேறு காரணமில்லை,
என் கைக்கு அந்தப் பக்கம்தான் வாகு.
முப்பதாவது கோப்பையில் வாளித் தண்ணீர்
சாம்பல் கரைத்ததுபோல் ஆனது.
அறுபதாவதில்
அவளும் அவனும் அதற்குள் எங்கோ
ஒன்றாய்த்தான் இருந்தார்கள்.
கொட்டவும் கூடாது, கோபால்ட் விற்கிற விலைக்கு.
தெளியவைத்து வண்டலை எடுத்துவை என்றான்.
வைத்தேன்.

ஒருமுறை சுட்ட மண் கொஞ்சம் மையைக் குடித்துவிடும்.
எவ்வளவு துடைத்தாலும்
சாய்த்துப் பார்த்தால் ஒரு நிழல்.
கிளேஸ் ஏறியபின் யாருக்கும் தெரியாது என்றான்.
எனக்குத் தெரிந்த இடத்தில்
ஒரு சின்ன இலையை ஒற்றினேன்.
டிசைனில் இல்லாத இலை.
நூற்று இருபது.
கூலியில் சேராது.

இரண்டாம் நாள் சூளையைத் திறந்தோம்.
நூற்று எண்பது கோப்பையிலும்
கல்யாணம் நடந்திருந்தது.
அப்படியொரு நீலம்
அந்த வருஷம் முழுக்க வரவில்லை.

செகண்ட்ஸ் விலைக்கு மொத்தமாய்ப் போயின.

போன வாரம் வாலாஜா பஸ் நிலையத்தில்
இஞ்சி டீ சொன்னேன்.
எதிர் பெஞ்சில் ஒரு டிரைவர்
கோகுல்நாத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்து
ஊதிக்கொண்டிருந்தார்.
எனக்கும் அதே கோப்பை.
சுற்றித் திருப்பிப் பார்த்தேன்.
பிடிக்குப் பக்கத்தில்
கொடி ஓரிடத்தில் அறுந்திருந்தது.
குமிழ்.
பர்வீன் வேலையாக இருக்கும், பாடியிருப்பாள் என்று
முதலில் நினைத்தேன்.
ஒற்றிய தடத்தைப் பார்த்தால்
என் கைதான்.
எப்போதோ மூச்சு விட்டிருக்கிறேன்.